தோண்டுவதா, தூக்குவதா? திருகோணமலையின் பொதுப் படகுத்தளத்துக்கு எந்த வழி?

கடந்த மாரியில் என் அத்தானின் பல நாள் படகு 23 நாள் தண்ணீரிலேயே காத்துக் கிடந்தது. அடியில் சிப்பியும் பாசியும் விரல் கனத்துக்கு ஏறியிருந்தன. சுக்கான் தண்டில் ஆட்டம் வேறு. ஆனால் கரையேற்ற இடமில்லை. முன்னால் ஏறிய படகு இறங்கினால்தான் இவர் ஏறலாம். அது இறங்குவதற்குப் பெயின்ட் காய வேண்டும். பெயின்ட் காய மழை விட வேண்டும். டிசெம்பரில் எங்கள் ஊரில் மழை விடுகிற மாதிரி விட்டுப் பிறகும் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் படகு மிதக்க 2 மீற்றர் தண்ணீர் போதும். ஆழம் இல்லாமல் அது நிற்கவில்லை. தூக்க ஆளும் கருவியும் இல்லாமல் நின்றது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருகோணமலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று விடயங்கள் ஒரே மூச்சில் வந்துவிடும்: அரசாங்கத்தின் கப்பல்தளத்தை நவீனமாக்க வேண்டும், வாய்க்காலை ஆழமாக்க வேண்டும், பெரிய கப்பல்கள் இங்கே பழுதுபார்க்க வர வேண்டும். நான் சிறுவனாக இருந்த நாளிலிருந்து கேட்கிறேன். மூன்றுமே நல்ல ஆசைகள்தான். ஆனால் அவை மூன்று வெவ்வேறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு செலவு, வேறு வாடிக்கையாளர், வேறு ஆபத்து. பொதுப்பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் எதில் கை வைப்பது என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் இப்போது இருப்பது என்ன என்று பார்ப்போம். நாம் 'டொக்யார்ட்' என்று சொல்லும் இடம் 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கையளித்ததிலிருந்து கடற்படையுடையது. அங்கே நடக்கும் வேலை கடற்படைக் கலங்களுக்கானது. மீனவர்களுக்கென்று இருப்பது கொட்பே மீன்பிடித் துறைமுகம், மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வருவது. சரக்குக் கப்பல் என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். கொழும்பு டொக்யார்டில் 4 உலர்துறைகள் (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்து அடிப்பாகத்தில் வேலை செய்யும் பெருந்தொட்டிகள்) இருக்கின்றன, பெரியதில் 125,000 தொன் சுமக்கும் கப்பல்வரை ஏற்றலாம். 1993 முதல் அதன் பெரும்பான்மைப் பங்கு ஜப்பானின் ஒனோமிச்சி நிறுவனத்திடம் இருந்தது. அந்தப் பங்கை வாங்கப்போவதாக 2025 ஜூனில் இந்தியாவின் மசகான் டொக் அறிவித்தது. கிழக்கில் ஒரு சரக்குக் கப்பலைத் தண்ணீருக்கு மேல் எடுத்து வேலை செய்யும் பொது இடம் கிடையாது. இந்தக் குறை உண்மையானது. அதை நிரப்பும் வழியில்தான் எனக்குக் கேள்வி.

முதல் வழி, எல்லோர் வாயிலும் வருவது: ஆழமாக்கு.

திருகோணமலைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர். நுழைவாய் 500 மீற்றர் அகலம். வெளியே கொட்டியாரக் குடாவின் அடியில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே வாய் திறந்து கிடக்கிறது. மகாவலி அந்தக் குடாவில்தான் வந்து விழுகிறது. வேறு ஊராக இருந்திருந்தால் அத்தனை பெரிய ஆறு துறைமுக வாயிலை எப்போதோ மண்ணால் அடைத்திருக்கும். இங்கே ஆழம் அந்த மண்ணை விழுங்கிக்கொள்கிறது. 1942இல் போர்க்கப்பல்கள் வந்து நின்ற அதே வழியால் இன்றைக்கும் கோதுமைக் கப்பலும், சீமெந்து அரைக்கும் கிளிங்கர் கட்டிகளை ஏற்றிய கப்பலும் வந்து போகின்றன. ஆகவே 'வாய்க்காலை ஆழமாக்கல்' என்று இங்கே ஒருவர் சொன்னால் அது பிரதான வழியைப் பற்றியதாக இருக்க முடியாது. கரையோரச் சிறு குடாக்களுக்குள் போகும் கடைசிச் சில நூறு மீற்றரைப் பற்றியது.

அந்தக் கடைசிச் சில நூறு மீற்றரும் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதில் பலர் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். பழுதுபார்க்க வரும் கப்பல் வெறுங்கப்பலாக வருகிறது. சரக்கோடு யாரும் உலர்துறையில் ஏறுவதில்லை. சரக்கு ஏற்றிய நிலையில் 15 மீற்றர் அமிழும் கப்பல் வெறுமையாக 5, 6 மீற்றரில் மிதக்கும். கொழும்பின் மிகப் பெரிய உலர்துறையின் ஆழமே ஏறத்தாழ 9 மீற்றர்தான். சரக்குத் துறைமுகத்துக்குச் சொல்லும் 17, 18 மீற்றர்க் கணக்கைப் பழுதுபார்க்கும் தளத்துக்கும் அப்படியே சொல்லிவிட்டால், தேவையில்லாத பள்ளத்துக்குக் கடன் வாங்கியவர்களாவோம்.

இன்னொன்று. எங்கள் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வேறு நாடுகளில் ஆழம் போதாத துறைக்கு ஏற்றத்துக்குக் காத்திருந்து கப்பலை உள்ளே கொண்டுவருவார்கள். இங்கே காத்திருந்து கிடைப்பது ஒன்றுமில்லை. கொஞ்சம் தோண்ட வேண்டிய இடத்தில் தோண்டியே ஆக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, தோண்டினால் எவ்வளவு? ஒரு கணக்குக்கு 500 மீற்றர் நீளம், 80 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 80,000 கன மீற்றர். நமக்குப் பழகிய அளவில் (ஒரு கியூப் 100 கன அடி) 28,000 கியூப். 3 கியூப் டிப்பரில் 9,000 தடவைக்கு மேல் ஏற்ற வேண்டிய சேறு. அதை எங்கே போடுவது? தம்பலகாமக் குடாப் பக்கம் கொட்டினால் இறால் பிடிப்பவர்களும் கிண்ணியா மீனவர்களும் முதல் நாளே வந்து நிற்பார்கள், அவர்கள் நிற்பதுதான் நியாயம். வெளிக்கடலுக்குக் கொண்டுபோனால் செலவு ஏறும். படகுத்தளத்துக்கு முன்னால் கிடக்கும் சேறு சும்மா சேறும் இல்லை. பல தசாப்தங்களாகச் சுரண்டிப்போட்ட பெயின்ட் அதற்குள் இருக்கும். கப்பல் அடியில் பூசிய பழைய வகைத் தகரக் கலவைப் பெயின்டை 2008இல் உலக அளவில் தடை செய்தார்கள், காரணம் அது சிப்பி நத்தைகளின் இனப்பெருக்கத்தையே குலைத்தது. அடியில் அமைதியாகக் கிடக்கும் வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. கலக்கிவிட்டால் மறுபடி தண்ணீருக்கு வரும். தோண்டுவதற்கு முன்னால் சேற்றை எடுத்துச் சோதிக்காமல் ஒரு வாளி கூட அள்ளக் கூடாது.

யுத்தத்தின் மிச்சமும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அதில் அடிபட்டுப் பின்னர் நீருக்குள் போன 'சகாயிங்' கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் 2018இல்தான் மேலே கொண்டுவந்தார்கள். அப்படியான அடித்தரையில் வெடிபொருள் தேடாமல் இயந்திரம் இறக்குவது பைத்தியக்காரத்தனம். சேற்றுக்குக் கீழே பாறை வந்தாலும் வேலையின் விலை வேறாகிவிடும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர்க் கல்லின் கடினத்தைச் சொல்லத் தேவையில்லை.

தோண்டிய பிறகு வரும் கதைக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது, டென்மார்க்கின் கடனுதவியில். கரையோரமாக நகரும் மணல் அதன் வாயை அடைத்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையை கடல் தின்றது. படகுகள் உள்ளே போக முடியாமல் மீனவர்கள் தெருவில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். கொச்சியிலும் ஆண்டுதோறும் தூர்வாராமல் துறைமுகம் நடக்காது. தோண்டுவது ஒருமுறைச் செலவு என்று கணக்குப் போடுகிறவர் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்.

ஆனாலும் நியாயமாகச் சொன்னால் ஒலுவிலும் கொட்பேயும் ஒன்றல்ல. ஒலுவில் திறந்த கடற்கரை. இங்கே உட்துறைமுகம் மலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது, ஓடும் மணல் உள்ளே வருவதில்லை. தோண்டிய குழி மெதுவாகத்தான் தூரும். ஆகவே தூக்கும் கருவிக்கு முன்னால் ஒரு சிறு குழியளவு தோண்டுவதற்கு நான் எதிரி இல்லை. தோண்டுவதையே திட்டத்தின் தலையாக வைப்பதற்குத்தான் எதிரி.

இரண்டாவது வழி, நிலத்தை வெட்டி நிரந்தர உலர்துறை கட்டுவது. பெரிய கப்பல் வேண்டும் என்பவர்களின் கனவு இதுதான், அதில் வலுவான வாதங்களும் உண்டு. நல்ல பாறையில் கட்டிய உலர்துறை நூறு வருடம் உழைக்கும். வாடிக்கையாளரும் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பிறிமா ஆலைக்குக் கோதுமையும் டோக்கியோ சீமெந்துக்குக் கிளிங்கரும் கொண்டுவரும் கப்பல்கள் இங்கேயே சரக்கை இறக்கி வெறுமையாகின்றன. பழுதுபார்க்க வெறுங்கப்பல்தான் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த நிலையில் கப்பல் ஏற்கனவே நம் வாசலில் நிற்கிறது. சர்வதேச விதிப்படி ஒரு சரக்குக் கப்பல் 5 வருடத்துக்கு 2 முறை அடிப்பாகத்தைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், இரண்டுக்கும் இடையில் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால் வேலை என்பது தற்செயல் இல்லை, நாட்காட்டியில் இருப்பது.

2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் 270,000 தொன் மசகெண்ணெயோடு எரிந்தபோது, கிழக்குக் கடலில் நாம் எவ்வளவு வெறுங்கையோடு நிற்கிறோம் என்று நெஞ்சு பதறியது. அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனால் அந்த அளவுக் கப்பலுக்குக் கொழும்பில்கூட இடமில்லை. அன்றைக்கு வேண்டியிருந்தது இழுவைக் கப்பலும் தீயணைக்கும் கருவியும். உலர்துறை இருந்திருந்தாலும் அன்று உதவியிருக்காது.

வரைபடத்தையும் பார்க்க வேண்டும். கிழக்கு மேற்காகப் போகும் பெருங்கப்பல் பாதை இலங்கையின் தென்முனையான தெவுந்தரைக்குத் தெற்கே கடக்கிறது. அங்கிருந்து திருகோணமலைக்கு 200 கடல் மைலுக்கு மேல். போய்த் திரும்ப 12 நொட் வேகத்தில் ஒன்றரை நாள். கொழும்பும் அம்பாந்தோட்டையும் அந்தப் பாதையின் ஓரத்திலேயே இருக்கின்றன. மறுபக்கம் கொச்சிக் கப்பல்தளம், அதுவும் அரசுடைமைதான். 310 மீற்றர் நீளப் புதிய உலர்துறையும் 6,000 தொன் தூக்கும் கப்பல் தூக்கியும் 2024 ஜனவரியில் அங்கே திறந்தாயிற்று. அவர்களுக்கு முன்னால் போட்டி போட இன்னொரு பெரிய உலர்துறையைக் கடன் பணத்தில் கட்டி, வருடத்துக்கு எத்தனை கப்பல் வரும் என்று வழி பார்த்து உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. துறைமுகங்கள் என்ற பெயரில் இந்த நாடு பட்ட கடன் போதும். இப்போதைக்கு இந்த வழி வேண்டாம்.

மூன்றாவது, மிதக்கும் துறை. திருகோணமலையின் இயல்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று நான் நினைக்கிறேன். மிதக்கும் துறை என்பது ஒரு பெரிய இரும்புத் தொட்டி. தொட்டிக்குள் தண்ணீர் விட்டு அமிழ்த்துவார்கள், கப்பல் அதன்மேல் வந்து நிற்கும், பிறகு தண்ணீரை இறைத்தால் கப்பலோடு சேர்ந்து எழும்பும். அமிழ்வதற்கு ஆழம் வேண்டும்: 5 மீற்றரில் மிதக்கும் கப்பல், அதன் ஏரா (அடிமுதுகுத் தண்டு) உட்காரும் கட்டைகள் ஒன்றரை மீற்றர், தொட்டியின் கனம் மூன்றரை, இடைவெளிகள் ஒன்றரை. எல்லாம் கூட்டினால் 11, 12 மீற்றர். மற்ற ஊர்களில் இதற்கென்றே குழி வெட்டுகிறார்கள். எங்களுக்கு அது சும்மா கிடக்கிறது. எந்த ஆழத்தை விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறோமோ அது வீட்டிலேயே இருக்கிறது.

பிரித்தானியரும் இதைத்தான் செய்தார்கள். யுத்தத்தின்போது பம்பாயில் கட்டிய 50,000 தொன் தூக்கும் மிதக்கும் துறையைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். 1944 ஓகஸ்ட் 8 அன்று 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது அது முறிந்து மூழ்கியது. கப்பலின் பாரம் ஒரு பக்கம், தொட்டிகளில் தண்ணீர் இறைத்த ஒழுங்கு இன்னொரு பக்கம், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கப்பலின் பின்பகுதி கடுமையாகச் சேதப்பட்டது. மிதக்கும் துறை மன்னிக்காத கருவி. பம்பைக் கவனிக்கும் ஆள் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்கு மேலே அவசரப்படுத்தும் அதிகாரி இருக்கக் கூடாது. இரும்பு உப்புத் தண்ணீரில் கிடப்பதால் அதற்கே அடிக்கடி பராமரிப்பு வேண்டும், புயல் காலத்தில் கட்டிப்போடும் சங்கிலிகள் நம்பிக்கைக்குரியவையாக இருக்க வேண்டும். 1964 டிசெம்பர்ப் புயலை எங்கள் அப்பாமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

கடற்படைக்கு 4,000 தொன் மிதக்கும் துறை ஒன்றை இந்தியா நன்கொடையாகத் தருவதற்கு 2022 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. இந்த 4,000 தொன்னைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அது கப்பல் சுமக்கும் சரக்கின் அளவு அல்ல, தூக்கப்படும் கப்பலின் சொந்த எடை. ரோந்துக் கப்பல்கள், இழுவைக் கப்பல்கள், சிறிய எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். கோதுமைக் கப்பல் அடங்காது, அதற்கு 10,000 தொன்னுக்கு மேல் தூக்கும் துறை வேண்டும். இப்படியொரு கருவி கடற்படைக்கு வருகிறதென்றால், வருடத்தில் சில வாரங்களைச் சிவில் கலங்களுக்கு ஒதுக்க முடியுமா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முடியுமென்றால் பொதுப்பணம் ஒரு சதமும் போடாமல் நடுத்தரக் கலங்களின் தேவையில் ஒரு பங்கு தீரும். தடையும் தெரிந்ததே. டொக்யார்டுக்குள் ஒரு வெல்டர் போய் வர எத்தனை அனுமதி வேண்டும் என்பதை இந்த ஊரில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். ஆகவே துறை நிற்கும் இடம் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே ஒரு கரையாக இருந்தால் நல்லது.

நான்காவது வழி பேச்சில் அதிகம் வருவதில்லை, படத்தில் பார்க்கவும் பெரிதாக இருக்காது. கொட்பேயில் ஒரு நல்ல படகுத் தூக்கி, அதற்கு இரண்டு ஒடுங்கிய இறங்குபாலங்கள், கொங்கிறீட் போட்ட முற்றம், கூரை.

இப்போதுள்ள சிலிப்வேயில், அதாவது படகை இழுத்துக் கரையேற்றும் சரிவுப் பாதையில், ஒரு படகு ஏறினால் அது இறங்கும்வரை பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டியதுதான். என் அத்தானின் 23 நாளுக்கு அதுதான் காரணம். சக்கரமுள்ள படகுத் தூக்கி அப்படியில்லை. இரண்டு பாலங்களுக்கு நடுவே படகு வந்து நிற்கும், பட்டைகளில் தாங்கித் தூக்கி முற்றத்தில் எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கத் திரும்பும். 100 தொன் தூக்கும் கருவி ஒன்று இருந்தால் இங்குள்ள பல நாள் படகுகளுக்குத் தாராளம். எத்தனை படகு ஏறலாம் என்பதை முற்றத்தின் பரப்புத் தீர்மானிக்கும். பின்னர் நடுத்தரக் கப்பல்களையும் சேர்க்க விரும்பினால் தண்டவாளங்களோடு கூடிய கப்பல் தூக்கிக்குப் போகலாம், கொச்சியில் வைத்திருப்பது அந்த வகைதான்.

கூரையைச் சிலர் ஆடம்பரம் என்பார்கள். எங்கள் படகுகள் சும்மா இருக்கும் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. பழுதுபார்க்க ஏறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில்தான் மழை. ஃபைபர் உடம்பு ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பிடிக்காது, பெயின்ட் பூசினால் அடுத்த பருவத்துக்குள் உரியும். திறந்த முற்றத்தில் 10 நாளாகும் வேலை கூரைக்குக் கீழே 4, 5 நாளில் முடிந்தால் முற்றம் இரண்டு மடங்கான மாதிரி. ஏப்ரலுக்குப் பிறகு நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துப் படகுகள் கிழக்கே வரும்போது அவர்களுக்கும் இடம் கொடுக்கலாம். அப்படியானால் தளம் வருடம் முழுக்க உழைக்கும்.

முற்றத்தில் இன்னொன்று கட்டாயம் வேண்டும்: படகைக் கழுவும் தண்ணீரும் சுரண்டிய பெயின்டும் கடலுக்குப் போகாமல் வடிகட்டும் தொட்டி. இதைச் செய்யாவிட்டால் நாம் தோண்டப் பயப்படுகிற அந்த நஞ்சுச் சேற்றை நாமே மறுபடி உருவாக்குவோம்.

இதில் தோண்டும் வேலை, பாலங்களுக்கு நடுவேயும் முன்னாலும் சில ஆயிரம் கன மீற்றர். அதை உரிய சோதனையோடு செய்யலாம்.

ஆட்கள் விடயம் தனியாகவே எழுத வேண்டியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டுபாயிலும் கட்டாரிலும் கப்பல்தளங்களில் வெல்டராக, ஃபிட்டராக, பெயின்டராக நிற்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இங்கே திரும்பி வந்தால் அந்தச் சான்றிதழைக் காட்டும் இடமே இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியும் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நிலையமும் ஊரிலேயே இருக்கும்போது பயிற்சிக்கு வழி தேடி அலைய வேண்டியதில்லை. கப்பல் வராத பெரிய உலர்துறையில் பிள்ளைகள் பழக முடியாது. தினமும் இரண்டு மூன்று படகு ஏறி இறங்கும் முற்றத்தில் பழகலாம். அப்படிப் பழகிய கைகள் இருந்தால்தான் மிதக்கும் துறை ஒன்றையும் நாளைக்கு நம்பி ஒப்படைக்கலாம்.

பொதுத்துறையாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. தனியார் தளத்தின் கட்டணத்தைப் பெரிய முதலாளி கட்டுவார். ஒரு படகு வைத்திருக்கும் ஆள் கடன் வாங்கித்தான் கட்டுவார். ஆனால் பொதுத்துறை என்றால் வரிசை எல்லோருக்கும் தெரிய வேண்டும். யார் எந்தத் திகதியில் பெயர் கொடுத்தார், யார் எப்போது ஏறினார் என்று பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். கருவி வாங்குவதைவிட இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே என் வரிசை இது. முதலில் கொட்பேயில் படகுத் தூக்கியும் கூரையும், அதற்கு வேண்டிய அளவு சிறு குழியும். அதோடு சமகாலத்தில் கடற்படையின் மிதக்கும் துறையில் சிவில் நாட்களுக்குப் பேச்சு. அது 4, 5 வருடம் ஒழுங்காக ஓடிக் கணக்குக் காட்டினால் பெரிய மிதக்கும் துறை ஒன்று. உட்துறைமுகத்தில் பெரிய அளவில் தோண்டுவதும் நிலத்தில் உலர்துறை வெட்டுவதும் கடைசியில், அதுவும் கோதுமை, சீமெந்துக் கப்பல் கம்பனிகள் வருவோம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு. அப்படி ஒரு கையெழுத்து நாளைக்கே வந்தால் நானும் என் வரிசையை மாற்றுவேன்.

எதைத் தொடங்கினாலும் அதற்கு முன்னால் கொட்பேயின் அடித்தரையை அளந்து, நாலைந்து இடத்தில் துளையிட்டுச் சேறு எவ்வளவு, பாறை எங்கே என்று பார்த்து, அந்த அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் மீனவர் சங்கங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அத்தானின் படகு 24ஆம் நாள் ஏறியது. சுக்கான் தண்டின் புஷ் முழுக்கத் தேய்ந்திருந்தது, இன்னும் ஒரு கடல் போயிருந்தால் நடுக்கடலில் கழன்றிருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். இந்த மாரிக்கு அவர் ஓகஸ்டிலேயே பெயர் கொடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் ஏழு படகு.